யாவோவி பதில் சொல்ல வேண்டிய இடம்

டெலாலி வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய பாட்டு லாரி ஏறி வந்தது.

மாவட்டக் கலை விழாவுக்குப் போன பள்ளிப் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள் என்பது தூரத்திலேயே தெரிந்துவிட்டது. லாரித் தகரத்தைத் தட்டிக்கொண்டு கத்திப் பாடினார்கள். முன்னால் கண்ணாடிக்குப் பின்னே ஒரு கோப்பை பளபளத்தது. டெலாலி முதலில் சிரித்தாள். ஜெயித்துவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பிறகுதான் மெட்டு காதில் விழுந்தது. கையிலிருந்த பூவாளி அப்படியே நின்றது. ஒரே செடியின் தலையில் தண்ணீர் கொட்டி, மண் கரைந்து, வெங்காயம் பல்லைக் காட்டியது.

அது அவள் கட்டிய மெட்டு. இன்னும் வெளியே வராத பாட்டு. போன மழைக்காலம் முதல் அவளும் ஆட்டச் சங்கத்துப் பெண்களும் ஓலை வேலிக்குள் உட்கார்ந்து, மேளம் தொடாமல், துணி சுற்றிய குச்சியால் மணியைத் தட்டி, குரலை அடக்கிப் பழகிவந்த பாட்டு. புது ஆட்டத்தை ஊர்முன் இறக்கும் நாள் வரைக்கும் பாட்டு வேலியைத் தாண்டக்கூடாது. அமேகோப்பேயில் பால் மறக்காத குழந்தைக்கும் இது தெரியும். அடுத்த தெருச் சங்கத்துக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு திரிகிற ஊர் அது.

மெட்டு அவளுடையது என்றால், சொற்கள் யாருடையவை?

"அலை எங்கள் கரையை எப்படி அறியும்?" என்று ஒரு பெண் குழந்தை கேட்டது. மொத்த லாரியும் பதில் சொன்னது: "சுத்தம்! சுத்தம்! சுத்தம்!"

டெலாலிக்கு ரத்தம் தலைக்கேறியது. பூவாளியைப் போட்டுவிட்டு, சேற்றுக் காலோடு சாலைக்கு ஓடினாள். லாரி போய்விட்டது. புழுதிதான் மிச்சம்.

இந்தக் கரையில் மீசை முளைத்த ஆண் ஒவ்வொருவனுக்கும் சாராயக் கடையில் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் ஒன்று உண்டு. அம்மா வைத்த பெயர் வீட்டுக்கு; இந்தப் பெயர் ஊருக்கு. அது இரண்டு பாதியாக இருக்கும். முன்பாதியைச் சொல்லி மற்றவர்கள் கூப்பிடுவார்கள். பின்பாதியைச் சொல்லும் உரிமை பெயருக்குச் சொந்தக்காரனுக்கு மட்டும்தான். வேறு எவனாவது முந்திக்கொண்டு சொன்னால் அது வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பது. மண்டை உடைந்த கதைகளும் உண்டு.

டெலாலியின் தம்பி யாவோவி, உப்பங்கழியைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற படகுக்காரன். அவனைக் கண்டால் கரையில் வலை இழுப்பவர்கள் கூப்பிடுவார்கள்: "அலை உன்னை எப்படி அறியும்?" அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தலைச்சுமை இருந்தாலும் சரி, வாயில் களி இருந்தாலும் சரி, பதில் சொல்லாமல் போகமாட்டான். "முகத்தால் அறியும். முதுகால் அறியாது."

அந்த அலைதான் அவனைக் கொண்டுபோனது. உடம்பு குப்புறக் கிடந்தபடி கரை ஒதுங்கியது. அடுத்த தெருக்காரர்கள் சிலர், பெயரைச் சொல்வானேன், சாராயக் கடையில் சிரித்தார்களாம்: "கடைசில அலை முதுகைப் பாத்துடுச்சுல்ல." இது டெலாலியின் காதுக்கு வந்தது. அவள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அவள் அப்படிப் போகாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குள் போய்ப் பாட்டுக் கட்டினாள்.

பாட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. கரையில் அடுப்பு எரிகிறது, மீன் கருகுகிறது, உன் பங்கு களி ஆறுகிறது, வா என்று போகும். நடுவில் அவள் தனியாக நின்று கூப்பிடுவாள்: "அலை உன்னை எப்படி அறியும்?" அதன்பின் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். மேளமும் நிற்கும். மணி மட்டும் ஒரு சுற்று தனியே போகும். பதில் சொல்ல வேண்டியவன் இல்லை. அவனுக்காக வேறு யாரும் சொல்லக்கூடாது, கேலியாகவும் கூடாது, அன்பாகவும் கூடாது. அந்த ஒரு சுற்று மணிக்கு அந்த இடம் யாவோவியுடையது. வேலிக்குள் முதல்முறை அதைப் பாடியபோது, எதற்கெடுத்தாலும் நக்கல் அடிக்கிற எமெஃபாகூட முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அந்த இடத்தில்தான் அறுபது பிள்ளைகள் இப்போது "சுத்தம்" என்று கத்துகிறார்கள்.

பள்ளியில் கலைப்பாடம் எடுப்பவர் மாஸ்டர் அமெனுவோர். மலைப்பக்கத்து ஊர்க்காரர். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஓலை வேலியை ஒட்டினாற்போல் இருந்த அறையில்தான் வாடகைக்கு இருந்தார். டெலாலி போய்ச் சேருவதற்குள் செய்தி போய், எமெஃபாவும் மீன் செதில் ஒட்டிய கையோடு அங்கே வந்து நின்றாள்.

மாஸ்டர் சந்தோஷமாக இருந்தார். கோப்பையைத் துடைத்து மேசைமேல் வைத்திருந்தார். சுவரில் அவர் கைப்பட எழுதிய பெரிய அட்டை: கலையின் அடிப்படைக் கூறுகள். கோடு, வடிவம், நிறம், வெளி, தாளம். கீழே கோட்பாடுகள்: சமநிலை, ஒருமை, அழுத்தம். அதற்கும் கீழே ஊடகங்கள்: களிமண், சாயம், குரல், உடல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுப் படம் வரைந்திருந்தார். 'வெளி' என்பதற்கான கட்டத்தில் வரைய ஒன்றும் கிடைக்கவில்லை போலும். அதற்கும் நீலச் சாயம் அடித்து நிரப்பியிருந்தார்.

"வாங்க அக்கா, உக்காருங்க. கேள்விப்பட்டீங்களா, முதல் பரிசு."

"அந்தப் பாட்டு எங்கேருந்து வந்துச்சு மாஸ்டர்?"

"அதுவா? இங்கேருந்துதான்." சுவரைத் தட்டிக் காட்டினார். அதில் மறைக்க என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னார். "சாயங்காலமானா கேக்கும். அருமையான மெட்டு அக்கா. நாட்டார் பாட்டுங்கிறது பொதுச் சொத்துதானே? விழாவுக்கு இந்த வருஷம் தூய்மைதான் பொருள். வார்த்தையை மட்டும் கொஞ்சம் மாத்தினேன்."

"கொஞ்சமா?" என்றாள் எமெஃபா. "ஆட்டை அறுத்து, உரிச்சு, கொழம்பு வெச்சுட்டு, கொஞ்சம் தடவிக் குடுத்தேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"பாட்டுக்கு ஆள் இருக்காளா இல்லியான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் டெலாலி. "பேரு என்ன போட்டீங்க?"

மாஸ்டர் விழாச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். டெலாலிக்குப் படிக்கத் தெரியும். 'வட்டாரப் பாடல். இயற்றியவர் தெரியவில்லை. சீரமைப்பு: அமெனுவோர்.' சுவருக்கு அந்தப்பக்கம் தினமும் உட்கார்ந்து பாடுகிறவள், காலையில் குழாயடியில் அவருக்கு வணக்கம் சொல்கிறவள், போன பெருநாளைக்கு ஒரு கூடை வெங்காயம் கொடுத்தவள், தெரியவில்லையாம். சீரமைத்தாராம். வழியில் கிடந்த நாற்காலிக்குக் கால் ஒட்டவைத்தது போல.

"சீரமைக்க என்ன இருந்துச்சு மாஸ்டர் அதுல?"

அவர் பாடம் நடத்துகிற குரலுக்கு மாறினார். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. "கோவிச்சுக்காதீங்க அக்கா. பாட்டுல ஒரு குறை இருந்துச்சு. கேள்வி ஒண்ணு வருது, பதில் வரல. அந்த இடம் காலியா நிக்குது. இந்தப்பக்கம் கனம், அந்தப்பக்கம் ஒண்ணுமில்ல. சமநிலை கெட்டுப்போகுது. அதைத்தான் நான் நிரப்பினேன். நடுவர்கள் அந்த இடத்தைத்தான் ரொம்பப் பாராட்டினாங்க."

"காலியா நின்னுச்சா?" டெலாலியின் குரல் இறங்கிவிட்டது. அவளைத் தெரிந்தவர்கள் இந்தக் குரலுக்குத்தான் பயப்படுவார்கள். "நீ தினம் காலையில யார் படகுல ஏறிப் பள்ளிக்கூடம் போன?"

மாஸ்டர் 'நீ'யைக் கேட்டு நிமிர்ந்தார். "யாவோவி படகுல. பாவம், நல்ல மனுஷன்."

"அவனை ஊர்ல எப்படிக் கூப்பிடுவாங்க?"

"யாவோவின்னுதான். நான் படகுக்காரரேன்னு கூப்பிடுவேன்."

"'அலை உன்னை எப்படி அறியும்'னு கூப்பிடுவாங்கடா. அது அவன் பேரு. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன். அவன் செத்துப்போயிட்டான். அதனால காலியா இருக்கு."

மாஸ்டரின் முகத்திலிருந்து பாடம் நடத்துகிற ஆள் இறங்கிப் போனார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாது அக்கா. சத்தியமாத் தெரியாது. எங்க மலைப்பக்கம் இந்தப் பழக்கம் இல்ல. நான் அதை வர்ணனைன்னு நெனச்சுட்டேன். அலங்காரத்துக்காகச் சொல்றாங்கன்னு."

தெரியாது என்றால் கேட்டிருக்க வேண்டாமா? ஒரு சுவர்தானே குறுக்கே? சுவர் வழியாகக் காது போயிற்று, கால் போகவில்லையா? இதையெல்லாம் டெலாலி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். எமெஃபா கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

சங்கத் தலைவரும் பெரிய மேளக்காரருமான டோக்பே பஞ்சாயத்து வைத்தார். மாஸ்டர் ஒரு கிடா கொண்டுவந்தார், சாராயம் கொண்டுவந்தார், குனிந்து மன்னிப்புக் கேட்டார். நியாயமாகச் சொன்னால் அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. இனிப் பள்ளியில் அந்தப் பாட்டு இல்லை, ஆட்டம் இறக்கும் நாளில் ஒரு பிள்ளை வாய் திறக்காது, அதற்கு நான் பொறுப்பு என்றார்.

"சான்றிதழ்ல பேரை மாத்தச் சொல்லு," என்றாள் டெலாலி.

"மாத்தச் சொன்னா, விதிப்படி பாட்டுக்குச் சொந்தக்காரங்ககிட்ட உரிமை வாங்கலன்னு கோப்பையைத் திருப்பி வாங்கிக்குவாங்க அக்கா. பிள்ளைங்க அழும்."

பிள்ளைகளை முன்னால் நிறுத்திக்கொண்டு பேசுகிறவர்களை என்னதான் செய்வது? டெலாலி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

டோக்பே மெதுவாக ஒரு யோசனை சொன்னார். "இந்தப் பாட்டை இந்தத் தடவை விட்டுடலாமா டெலாலி? வேற பாட்டு இல்லாமலா போச்சு உனக்கு?"

"என் தம்பியை இன்னொரு தடவை விடச் சொல்றீங்களா?"

டோக்பே எழுந்து, கிடாவை அறுக்கச் சொன்னார்.

கிடாவைக் கறி வைத்துத் தின்றாயிற்று. கோபம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏனென்றால் மாவட்ட அலுவலகத்துக்காரர்களுக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. விழாவிலேயே பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். குப்பை அள்ளும் மூன்று சக்கர வண்டிக்கு ஒலிபெருக்கி கட்டி, விடிந்ததும் தெருத் தெருவாக அதைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். டோக்பே அலுவலகத்துக்கு நடந்தார். எழுதிக் கொடுங்கள், பரிசீலிக்கிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். மறுநாளும் வண்டி வந்தது.

டெலாலி பல் விளக்கும்போது அது வரும். நெத்திலிக்குப் புகை போடும்போது வரும். மீன் குடலையும் அழுகிய தக்காளியையும் வாளியில் எடுத்துக்கொண்டு பெண்கள் ஓடுவார்கள். அவளுடைய தம்பியைக் கூப்பிடுகிற மெட்டைக் கேட்டுத்தான் ஊர் குப்பையைக் கொட்டியது. இதைவிடக் கேவலம் வேறு உண்டா? ஒருநாள் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். ஓட்டுகிறவன் பரிதாபமாகப் பார்த்தான். "அம்மா, பாட்டை நிறுத்தினா வண்டி வந்தது யாருக்கும் தெரியாதும்மா. நான் என்ன பண்ணட்டும்?" அவன்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? வழி விட்டாள். அதுவும் அவள் வயிற்றெரிச்சலில் சேர்ந்துகொண்டது.

இன்னொரு நாள் எமெஃபா செதில் சுரண்டிக்கொண்டே எதையோ முணுமுணுத்தாள். டெலாலி திரும்பிப் பார்த்தாள். எமெஃபாவின் கத்தி நின்றது.

"எமெஃபா."

"என் வாயைத் தைச்சுடு டெலாலி. எனக்கே தெரியல, தானா வருது. அந்தச் சனியன் புடிச்ச வண்டி."

டெலாலி தைக்கவில்லை. மீனை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள்.

ஆட்டம் இறக்கும் நாள் வந்தது. புளியமரத்தடி மணலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் ஒரே கரை போட்ட துணி கட்டி, தோளில் வெள்ளைப் பொடி பூசியிருந்தார்கள். அடுத்த தெருச் சங்கத்துக்காரர்கள் குறை கண்டுபிடிப்பதற்காகவே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். மாஸ்டர் பிள்ளைகளை அழைத்துவந்து ஓரமாக உட்காரவைத்தார். ஒவ்வொன்றிடமும் குனிந்து, உதட்டில் விரல் வைத்துச் சொல்லிவிட்டு வந்தார். டெலாலி அதைப் பார்த்தாள். நன்றி சொல்லத் தோன்றவில்லை.

ஆட்டம் நன்றாகவே ஏறியது. டோக்பேயின் மேளம் இழுத்த இழுப்புக்கு முதுகுகள் வளைந்தன, மணல் பறந்தது. முன்வரிசைக்காரர்களில் ஒருவன் தன்னை மறந்து எழுந்து இரண்டு அடி ஆடிவிட்டு, பக்கத்தில் இருந்தவன் முறைத்ததும் உட்கார்ந்தான். பிறகு டோக்பே மேளத்தைத் தணித்து டெலாலியைப் பார்த்தார்.

அவள் வட்டத்தின் நடுவுக்கு வந்தாள். அடுப்பு எரிகிறது என்று ஆரம்பித்தாள். பெண்கள் வாங்கிப் பாடினார்கள். மீன் கருகியது, களி ஆறியது. அவளுடைய கண் பிள்ளைகள்மேலேயே இருந்தது. எவளாவது வாய் திறப்பாளா, எவனாவது பழக்கத்தில் கத்திவிடுவானா என்று பார்த்துக்கொண்டே பாடினாள். பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தன.

"அலை உன்னை எப்படி அறியும்?"

மேளம் நின்றது. பெண்கள் நிறுத்தினார்கள். பிள்ளைகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஒன்று பாக்கியில்லாமல். முன்வரிசைக்காரர்கள்கூட அசையவில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளுக்காக அந்த இடத்தைக் காத்துக்கொடுத்தது. மணி மட்டும் தனியே போனது.

டெலாலிக்கு அது கேட்டது. சுத்தம், சுத்தம், சுத்தம்.

யாரும் சொல்லவில்லை. அவளுடைய தலைக்குள்ளேயே, அவளுடைய மெட்டிலேயே, மணிக்குச் சரியாக வந்து உட்கார்ந்தது. அவள் யாவோவியைத் தேடினாள். நெஞ்சை நிமிர்த்தி நிற்பானே, வாயில் களியோடு சொல்வானே, அந்தக் குரலைத் தேடினாள். குப்பை வண்டிதான் வந்தது. சுற்றிலும் முகங்களைப் பார்த்தாள். எமெஃபா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். டோக்பே மேளத்தின் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை என்பதிலிருந்தே தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

மணி ஒரு சுற்று முடிந்தது. அவள் எடுத்துப் பாட வேண்டிய அடி வந்தது. அவள் எடுக்கவில்லை. மணிக்காரன் இன்னொரு சுற்று போனான்.

டெலாலி வட்டத்தை விட்டு வெளியே நடந்து, மாஸ்டரின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். அவர் எழுந்துகொண்டார்.

"பிள்ளைங்க ஒருத்தரும் வாய் திறக்கல அக்கா," என்றார். "நான் சொன்ன மாதிரியே."

"ஆமா. ஒருத்தரும் திறக்கல. உனக்குக் கேட்டுச்சா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கேட்டுச்சு."

"எடு அதை."

"அக்கா..."

"நீதானே வெச்ச? என் தம்பி இருந்த இடத்துல நீதானே கொண்டாந்து வெச்ச? என் தலையிலேருந்து எடு. இதோ இவங்க எல்லார் தலையிலேருந்தும் எடு. நான் இங்கயே நிக்கிறேன்."

மாஸ்டர் கையை நீட்டினார், மடக்கினார், பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன. கையை எடு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மணிக்காரன் நிறுத்தவில்லை. பாட்டு எடுத்தவள் திரும்பி வரும்வரை அவன் நிறுத்தக்கூடாது. டெலாலி நின்ற இடத்திலேயே நின்றாள்.